வெளிவராத ஒன்பது விளையாட்டுகள்

கல்யாண நாள் பரிசாக அவர் கொண்டுவந்து நீட்டியது ஒரு மின்னஞ்சலை.

"பரிசுன்னு சொல்லிட்டு போனைக் காட்டுறீங்க? பெட்டி எங்கே, ரிப்பன் எங்கே?"

"முதல்ல படிச்சுப் பாரு கன்ட்ரோல்."

அவர் அவளை அப்படித்தான் கூப்பிடுவார். அவர் லிஃப்ட் மெக்கானிக். அவள் அதே கம்பெனியின் கன்ட்ரோல் ரூமில் வேலை பார்ப்பவள். யாராவது லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டு மணியை அழுத்தினால், "பயப்படாதீங்க, நான் இருக்கேன்" என்று ஒரு பெண்குரல் வருமே, அது அவளுடையது. எந்தக் கட்டடத்தில் எந்த லிஃப்ட் எந்த மாடியில் நிற்கிறது என்பதெல்லாம் அவள் திரையில் தெரியும். ஒரு பொத்தானைத் தட்டினால் போதும், லிஃப்ட் இருந்த மாடியிலேயே அசையாமல் நிற்கும்.

கல்யாணத்துக்கு முன் அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததே இல்லை. லிஃப்ட் ஓடும் பாதையின் அடியில் இருக்கும் குழியின் வாயிலில் நின்று அவர், "மேல் மாடியில பிடிச்சுக்கோங்க மேடம்" என்பார். "பிடிச்சுட்டேன், இறங்குங்க" என்பாள் இவள். இப்படியே மாதக்கணக்கில் பேசிவிட்டு ஒருநாள், "மேடம், ஒரு சந்தேகம். லிஃப்டை மட்டும்தான் பிடிப்பீங்களா?" என்று கேட்டார். இவள் பட்டென்று இணைப்பைத் துண்டித்துவிட்டு அன்று மதியம் முழுக்கச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

குழிக்குள் இறங்குவதற்கு முன் உச்சிமாடிக்கு ஏறி, மோட்டார் அறையின் மெயின் சுவிட்சை அணைத்து, அதில் சிவப்பு அட்டையை மாட்டிவிட்டு வரவேண்டும் என்பது கம்பெனி விதி. திரையில் பிடிப்பதெல்லாம் அதற்கு ஈடாகாது. மற்றவர்கள் பணியில் இருந்தால் அவரும் ஒழுங்காக மாடி ஏறுவார். இவள் பணியில் இருக்கும் நாட்களில் மட்டும் ஏறுவதில்லை. அவள் பிடித்திருக்கும்போது எதற்கு ஏற வேண்டும்? அது தப்பு என்று இருவருக்கும் தெரியும். ஆனாலும் அதில் இருவருக்கும் ஒரு ரகசியப் பெருமை இருந்தது.

மின்னஞ்சலை அவள் படித்தாள். ஒன்பது வீடியோ கேம்கள் அடங்கிய தொகுப்பு. ஒன்றுகூட இன்னும் வெளிவரவில்லை. வேலை முடிய முடிய, வாங்கியவர்களுக்கு ஒவ்வொன்றாக வந்து சேருமாம்.

பெரிய கம்பெனிகளின் துப்பாக்கி விளையாட்டுகள் அவளுக்குப் பிடிக்காது. யாரோ ஒருவர் தன் வீட்டில் உட்கார்ந்து, தானே படம் வரைந்து, தானே இசை போட்டு உருவாக்கும் சின்னச் சின்ன விளையாட்டுகள் என்றால் உயிர். அது அவருக்குத் தெரியும்.

"உலகத்துலேயே நீதான் முதல்ல ஆடப்போற."

"அப்போ நல்லா இருக்குன்னு உங்ககிட்ட யார் சொன்னது?"

"நீதான் ஆடிட்டுச் சொல்லணும்."

"கடைக்கே வராத சாமானை, மூஞ்சி தெரியாத ஆள்கிட்ட, மூட்டையோட வாங்கிட்டு வந்திருக்கீங்க. மூட்டைக்குள்ள என்ன இருக்கோ!"

"வாங்கிட்டு வந்தவன் மூஞ்சி தெரியுதுல்ல? அதைப் பார்த்து நம்பு."

"அதைப் பார்த்துத்தான் ஒருதடவை ஏமாந்துட்டேனே" என்று சொல்லிக்கொண்டே அவள் அவர் பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்தாள்.

ஒன்பதில் ஐந்து, 'விரைவில்' என்று மட்டும் சொல்லின. இரண்டைத் திறந்தால் கறுப்புத் திரைதான் வந்தது. ஒன்றில் ஒரு பெண் பாலத்தில் நடந்துபோனாள்; பாதிப் பாலம் இன்னும் வரையப்படாததால் அந்தரத்தில் நின்றுகொண்டிருந்தாள். கடைசி விளையாட்டைத் திறக்கப்போகும்போது கணினி தடுத்தது. 'இந்த நிரல் யாருடையது என்று தெரியவில்லை. திறக்க வேண்டாம்' என்றது. விற்றவர்கள் அதற்கும் ஒரு குறிப்பு அனுப்பியிருந்தார்கள். 'புத்தம்புதிய விளையாட்டு என்பதால் உங்கள் ஆன்டிவைரஸுக்கு இதை அடையாளம் தெரியாது. அதை அணைத்துவிட்டுத் திறக்கவும்.'

"இதுவும் சரிதானே? இன்னும் வெளியவே வராததை அதுக்கு எப்படித் தெரியும்?" என்று சொல்லிக்கொண்டே அவர் அணைத்தார். பிறகு ஏதோ நினைத்துக்கொண்டு எழுந்துபோய், தன் கருவிப் பையிலிருந்து சிவப்பு அட்டை ஒன்றை எடுத்துவந்து திரையின் மூலையில் மாட்டினார். அதில் ஒரு கையின் படம். அதன் கீழே, 'வேலை நடக்கிறது. தொடாதே.'

"இது எதுக்கு?"

"பாதுகாப்பை அணைச்சா அட்டை மாட்டணும். விதி."

"மோட்டார் ரூம்ல மாட்டாதீங்க, இங்க வந்து மாட்டுங்க!"

விளையாட்டு திறந்தது. மழை பெய்யும் ஒரு தெரு. அதில் ஒரு தவளையின் தையல்கடை. கூட்டுக்கு மேல் போட்டுக்கொள்ள ஒரு கோட் வேண்டுமென்று நத்தை ஒன்று வந்து நின்றது. அவள் வாயில் கைவைத்துச் சிரித்தாள். அந்த நேரம் பார்த்து அவர் போன் அடித்தது. எங்கோ ஒரு லிஃப்டில் ஆள் மாட்டிக்கொண்டிருக்கிறார். பையைத் தூக்கிக்கொண்டு அவர் ஓடினார். அட்டை அங்கேயே தொங்கியது.

மறுநாள், "அட்டையை நான் எடுத்துட்டு ஆன்டிவைரஸைப் போட்டுடவா?" என்று போனில் கேட்டாள்.

"போட்டவன்தான் எடுக்கணும் கன்ட்ரோல். வந்து எடுக்கிறேன்" என்றார் வேடிக்கையாக. வந்ததும் மறந்தார். அடுத்த நாளும் மறந்தார்.

அவர் அப்படிச் சொன்னபிறகு, தானே கழற்றிவிடலாம் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. அந்தத் தொழிலில் யாருக்கும் தோன்றாது. ஒருவர் மாட்டிய அட்டையை இன்னொருவர் கழற்றினால் என்ன நடக்கும் என்று அவள் ஒருமுறை காதாலேயே கேட்டிருக்கிறாள். அன்று குழிக்குள் இருந்தவர் வேறொரு மெக்கானிக், வேலைக்குப் புதியவர். அவள் காதில் மாட்டியிருந்த ஹெட்போன் வழியாக அந்தச் சத்தம் வந்தது. அதன்பிறகு சிவப்பு அட்டை எங்கே தொங்கினாலும் அவள் கை தானாகப் பின்வாங்கும். அந்தக் கையின் படத்துக்கு அவள் அவ்வளவு கட்டுப்பட்டவள்.

கன்ட்ரோல் ரூம் வேலையை இப்போது அவள் வீட்டிலிருந்தே பார்த்தாள். அதற்காகக் கம்பெனி கொடுத்திருந்த மடிக்கணினி பழுதுபார்க்கப் போயிருந்தது. அது வரும்வரை வீட்டுக் கணினியிலேயே வேலை பார்க்கும்படி சூப்பர்வைசர் சொல்லியிருந்தார். காலையில் அதே திரையில் லிஃப்டுகள், மாலையில் தவளை. காவல் இல்லாத வாசல்போல் கணினி திறந்தே கிடந்தது. வாசலில் சிவப்பு அட்டை மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

அந்த வாரத்தில் சில சின்ன விஷயங்கள் நடந்தன.

காபி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் நின்றிருந்தபோது திரையில் இருந்த அம்பு மெல்ல நகர்ந்ததுபோல் இருந்தது. திரும்பிப் பார்த்தாள். நின்றிருந்தது. மேஜை ஆடியிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

ஒரு மதியம், பன்னிரண்டு மாடிக் குடியிருப்பு ஒன்றிலிருந்து ஓர் அம்மா கூப்பிட்டார். ஏழாம் மாடிக்காரர்.

"ஏம்மா, உங்க லிஃப்டுக்குப் பேய் பிடிச்சிருக்கா? நான் கூப்பிடாமலே வந்து நிக்குது. கதவைத் திறக்குது, மூடுது, திறக்குது. வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி உள்ள வரவா வேண்டாமான்னு யோசிக்குது."

"சென்சார்ல தூசி இருக்கும்மா. ஆள் அனுப்புறேன்."

"தூசியாம் தூசி! கதவைத் திறந்து வச்சுக்கிட்டு என்னையே பார்க்குதும்மா அது."

இணைப்பு பாதியில் அறுந்துபோனதால், தன் சொந்த போனிலிருந்து அவரைக் கூப்பிட்டுச் சமாதானம் சொன்னாள். அந்தக் கட்டடத்தின் பதிவைப் பார்த்தபோது, கதவைத் திறக்கச் சொல்லி அவள் கணக்கிலிருந்தே கட்டளை போயிருந்தது. தான் கை தவறித் தட்டியிருப்போம் என்று நம்பினாள். நம்புவது சுலபமாக இருந்தது.

அன்று மாலை நத்தையின் கோட்டைத் தைத்து முடித்தாள். அதைப் போட்டுக்கொண்டு நத்தை மழையில் நடந்துபோனதைப் பார்த்தபோது அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. விளையாட்டின் மூலையில் அதை உருவாக்கியவரின் புனைபெயர் இருந்தது. தேடிக் கண்டுபிடித்து மின்னஞ்சலில் ஒரு கடிதம் எழுதினாள். 'உங்களை எனக்குத் தெரியாது. உங்கள் தவளை எங்கள் வீட்டு ஆள் ஆகிவிட்டது' என்று எழுதினாள்.

இரண்டு நாள் கழித்து, காலையில் கணவரின் குரல் காதில் வந்தது.

"கன்ட்ரோல், ஏழாம் மாடி அம்மா சொன்ன மாப்பிள்ளை லிஃப்டுக்கு வந்திருக்கேன். குழியில இருக்கிற ஸ்டாப் சுவிட்ச் வேலை செய்யலை. மாத்தணும். மேல பிடிச்சுக்கோ."

குழிக்குள் இறங்குபவர் முதலில் அழுத்தவேண்டிய சுவிட்ச் அது. அதை அழுத்திவிட்டால் யாராலும் லிஃப்டை நகர்த்த முடியாது. அதுதான் பழுது.

"மோட்டார் ரூமுக்கு ஏறிட்டு வாங்களேன். எனக்கு என்னவோ மாதிரி இருக்கு."

"பன்னிரண்டு மாடி! என் முட்டியைப் பத்திக் கவலை இல்லையா உனக்கு? நீ பிடிச்சுக்கோ, போதும்."

பன்னிரண்டாம் மாடியில் பிடித்தாள். "பிடிச்சுட்டேன், இறங்குங்க."

கதவு சாத்தும் சத்தம் கேட்டது. குடியிருப்பில் குழந்தைகள் ஓடியாடும் என்பதால் இறங்கியதும் கதவை உள்ளிருந்தே சாத்திக்கொள்வார். எந்த மாடியிலாவது கதவு திறந்திருந்தால் லிஃப்ட் நகராது. சாத்தியிருந்தால் நகரும். குழிக்குள் போன் வேலை செய்யாது. அவர் குரல் அறுந்தது.

அப்போதுதான் அந்தக் கடிதத்துக்குப் பதில் வந்தது.

'உங்கள் அன்புக்கு நன்றி. ஆனால் இந்த விளையாட்டை நான் யாருக்கும் விற்கவில்லை. என் தங்கை ஒருத்திதான் ஆடிப் பார்த்திருக்கிறாள். போன மாதம் என் கணினியிலிருந்து அதைத் திருடிவிட்டார்கள். திருடியவர்கள் அதற்குள் வேறு எதையோ வைத்து விற்கிறார்கள். அதைத் திறந்தால் உங்கள் கணினி அவர்கள் கைக்குப் போய்விடும். தயவுசெய்து உடனே அணைத்துவிடுங்கள்.'

அவள் கை மின்கம்பியை நோக்கிப் போனது. பாதியில் நின்றது. கணினி அணைந்தால் பிடியும் விட்டுப்போகும். பிடி விட்டால், கீழே யாராவது பொத்தானை அழுத்தினால் போதும், லிஃப்ட் இறங்கிவிடும்.

கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அவர் மேலே ஏறிவரும்வரை அசையாமல் உட்கார்ந்திருக்கலாம். எதையும் தொடாமல், சத்தமில்லாமல்.

திரையில் அம்பு நகர்ந்தது.

மேஜை ஆடவில்லை. அம்பு நிதானமாக ஊர்ந்துபோய் அவள் பிடித்திருந்த பொத்தானின்மேல் நின்றது. பிடி விட்டது. அவள் பாய்ந்து மறுபடியும் பிடித்தாள். மறுபடியும் விட்டது. மூன்றாவது தடவை மவுஸ் அவள் பேச்சைக் கேட்கவில்லை.

லிஃப்ட் பதினோராம் மாடிக்கு இறங்கியது. கதவு திறந்தது. மூடியது. பத்தாம் மாடி. திறந்தது. மூடியது. கோபமும் இல்லை, அவசரமும் இல்லை. புது விளையாட்டில் எந்தப் பொத்தான் எதற்கு என்று பழகிப் பார்ப்பவரின் நிதானம் அது. தவளையின் கடையில் முதல்நாள் அவளும் அப்படித்தான் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தாள். எங்கோ ஒரு நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு யாரோ விளையாடிக்கொண்டிருந்தார். கீழே ஒரு மனிதர் இருப்பது அந்த விளையாட்டில் தெரியாது.

கணவரின் போனுக்கு அடித்தாள். தொடர்பு எல்லைக்கு வெளியே. காவலாளியின் எண் அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. ஒன்பதாம் மாடி. திறந்தது. மூடியது.

ஏழாம் மாடி அம்மா!

"யாரு? ஓ, தூசி பொண்ணா? என்னம்மா, உன் ஆள் வந்து…"

"அம்மா, ஓடுங்க. லிஃப்ட் பட்டனை அழுத்துங்க. கதவு திறந்ததும் நடுவுல ஏதாவது வைங்க. மூட விடாதீங்க."

"எதுக்கு? அதுக்கு நான் உபசாரம் வேற பண்ணணுமா?"

"கீழே குழிக்குள்ள என் வீட்டுக்காரர் இருக்கார்மா."

 அந்தப் பக்கம் செருப்புச் சத்தம். மரம் தரையில் இழுபடும் சத்தம். எட்டாம் மாடி. திறந்தது. அந்தக் கதவு மூட எடுத்துக்கொண்ட நேரத்தில் அவள் மூச்சே விடவில்லை.

ஏழாம் மாடி. திறந்தது.

"வச்சுட்டேன். சாப்பாட்டு மேஜை நாற்காலி. நானும் அதுமேலயே உக்காந்துட்டேன். இனிமே நகரட்டும் பார்ப்போம்."

டங்கென்று கதவு நாற்காலியில் இடிக்கும் சத்தம் கேட்டது. மறுபடியும். மறுபடியும். திரையில் அம்பு மூடும் பொத்தானை விடாமல் தட்டிக்கொண்டிருந்தது.

"எழுந்திருக்காதீங்கம்மா. உங்களைக் கெஞ்சிக் கேக்குறேன்."

"நான் உக்காந்தா எங்க வீட்டுலயே யாராலும் எழுப்ப முடியாது, நீ பயப்படாதே. மருமகளே! படியில இறங்கி ஓடிப்போய்க் கீழ்க்கதவை இடி. உள்ள ஆள் இருக்காராம்." பிறகு அவர் குரல் தாழ்ந்தது. "ஏம்மா… இந்தப் பெட்டிக்குள்ள யாரும் இல்லையே?"

"இல்லையேம்மா."

"அப்போ ஸ்பீக்கர்ல யாரு?"

அவள் திரையைப் பார்த்தாள். லிஃப்டுக்குள் பேசுவதற்கான பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவள் அதைத் தொடவில்லை.

"என்னம்மா சொல்றாங்க?"

"ஒண்ணும் சொல்லலை. மூச்சு விடுற சத்தம் மட்டும் கேக்குது."

பேசத்தான் அவளுக்கு இத்தனை வருஷம் சம்பளம் கொடுத்திருந்தார்கள். பயந்துபோனவர்களிடம் சொல்லவேண்டிய வார்த்தைகள் எல்லாம் அவளுக்கு மனப்பாடம். ஒன்றும் வரவில்லை. அந்த அம்மாவின் மூச்சையும் கதவு இடிக்கும் சத்தத்தையும் கேட்டுக்கொண்டு, திரையில் ஏழு என்ற எண் மாறாமல் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தாள்.

காதில் சரசரவென்று ஒலி வந்தது.

"முடிச்சுட்டேன் கன்ட்ரோல், விட்டுடு. யாரோ ஒரு பொண்ணு கதவைப் போட்டு இடிக்குது, வீட்டுல அடுப்பு எரியுதோ என்னவோ."

"வெளிய வந்துட்டீங்களா? ரெண்டு காலும்?"

"ரெண்டும்தான். ஒண்ணை வச்சுட்டு வர முடியுமா என்ன?"

அவள் மின்கம்பியைப் பிடுங்கினாள். திரை கறுத்தது. பிடுங்கிய வேகத்தில் அட்டை மட்டும் இப்படியும் அப்படியும் ஆடியது.

"கன்ட்ரோல்? லைன்ல இருக்கியா?" அவள் சொந்த போனுக்குக் கூப்பிட்டார் அவர். "என்ன ஆச்சு?"

"நான் பிடிச்சிருக்கலைங்க."

"என்ன?"

"இவ்வளவு நேரமும் நான் பிடிச்சிருக்கலை."

 அந்தப் பக்கம் ஏதோ ஒரு குழந்தை ஓடும் சத்தம் கேட்டது. கடைசியில், "மேல ஏறி மெயினை அணைச்சுட்டு வர்றேன்" என்றார். அவர் படியேறும் காலடியைக் கேட்டுக்கொண்டே அவள் அழுதாள்.

பிறகு சூப்பர்வைசரைக் கூப்பிட்டு ஒன்றுவிடாமல் சொன்னாள். வேலை போகட்டும், முதலில் என் கணக்கை மூடுங்கள் என்றாள்.

"கம்ப்யூட்டரை அணைச்சுட்டீங்களா?"

"கம்பியையே பிடுங்கிட்டேன் சார்."

விசைகள் தட்டும் சத்தம். 

"இங்க நீங்க இன்னும் உள்ளேதான் இருக்கிறதா காட்டுதும்மா."

"நான் இல்ல சார்."

"ரெண்டு இடத்துல இருக்கீங்க. இருங்க, மூடுறேன்… மூடிட்டேன். மூடிட்டேன்னுதான் நினைக்கிறேன்."

சாயங்காலம் அவர் வந்தார். கதவைத் திறந்தவள் அவரை முழுதாகப் பார்த்தாள். சட்டையில் கிரீஸ், முழங்கையில் சிராய்ப்பு, வழக்கமான அழுக்கு. எல்லாம் இருந்தது. அவர் நேராக மேஜைக்குப் போய் அட்டையைக் கழற்றினார். 

"உன்னை எடுக்கச் சொல்லியிருக்கணும்."

"நானே எடுத்திருக்கணும்."

 அவர் நெற்றி வியர்த்திருந்தது, மூச்சு இன்னும் இரைத்தது. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அவர்கள் வீடு ஐந்தாம் மாடி. கட்டடத்தில் லிஃப்ட் உண்டு. அவர் கம்பெனி மாட்டியதுதான்.

"ஏங்க, படியிலயா ஏறி வந்தீங்க? நம்ம லிஃப்ட் வேலை செய்யலையா?"

அவர் அட்டையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். வாசல் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுவிட்டு வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"செய்யுது. நான் கூப்பிடவே இல்லை. கதவைத் திறந்து வச்சுக்கிட்டுக் கீழே நின்னுக்கிட்டு இருந்துச்சு."